வார்சோவின் பழைய நகரம்: பழைமையும் மீளமைப்பும்

ஐரோப்பிய நகரங்களைக் காணச் செல்வோர் பெரும்பாலும் பழைமையை நாடியே செல்கின்றனர். போலந்தின் தலைநகராகிய வார்சோவில் நண்பர் மூவருடன் மூன்று நாட்கள் தங்கியிருந்தபொழுது எமது நோக்கமும் அதுவாகவே இருந்தது. கற்கள் பதித்த ஒடுங்கிய தெருக்கள், வண்ணந் தீட்டிய முகப்புகளையுடைய உயர்ந்த வீடுகள், நடுவே சந்தைச் சதுக்கம் என அமைந்த பழைய நகரினுள் நுழைந்ததும், பல நூற்றாண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிட்டோம் என்றே எண்ணினோம். ஆயின் அவ்வெண்ணம் நெடுநேரம் நிலைக்கவில்லை. அங்கு நாம் கண்ட கட்டடங்களுட் பெரும்பாலானவை 1945ஆம் ஆண்டின் பின்னர் எழுப்பப்பட்டவை என அறிந்ததும், நண்பரொருவர், "அவ்வாறாயின் இது நகரமன்று, நாடக மேடை" என்றார். அக்கூற்று பொருத்தமானதா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரண்டாம் உலகப்போரின்போது வார்சோ அடைந்த அழிவு, வெறும் போர்க்கால விபத்தன்று. 1944ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆந் திகதி, ஜேர்மன் ஆக்கிரமிப்புக்கெதிராக நகர மக்கள் ஆயுதமேந்திக் கிளர்ந்தெழுந்தனர். 63 நாட்கள் நீடித்த அக்கிளர்ச்சியில் உயிரிழந்த பொதுமக்கள் 150,000 முதல் 200,000 வரை என மதிப்பிடப்படுகின்றனர். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டதும், எஞ்சியோர் நகரினின்றும் வெளியேற்றப்பட்டனர். பின்னர் நாசிப் படையினர் கட்டடங்களை ஒவ்வொன்றாக எரித்தும் வெடிவைத்தும் தகர்த்தனர். நூலகங்களும் ஆவணக் காப்பகங்களுங்கூடத் தீக்கிரையாயின. வரலாற்று மையப் பகுதியின் 85 சதவீதத்துக்கும் மேற்பட்டது அழிந்தது. ஒரு மக்களினத்தின் நினைவையே துடைத்தெறிவது இதன் உட்கருத்தாகும்.

அந்நினைவைப் பேணும் முயற்சி அழிவுக்கு முன்னரே தொடங்கிவிட்டமை ஈண்டு குறிப்பிடத்தக்கது. வார்சோ தொழினுட்பப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைத் துறையினர், போருக்கு முன்னர் நகரின் பழைய கட்டடங்களை அளந்து வரைபடங்கள் தயாரித்திருந்தனர். போலந்து மக்களுக்கு உயர்கல்வி மறுக்கப்பட்டிருந்த ஆக்கிரமிப்புக் காலத்திலும் அப்பணி மறைவாகத் தொடர்ந்தது. கிளர்ச்சிக்குப் பின்னர் அவ்வரைபடங்கள் நகரிலிருந்து கடத்தப்பட்டு, பியோத்ர்கூவ் என்னும் ஊரிலுள்ள மடாலயமொன்றில் ஒளித்து வைக்கப்பட்டன. மாணவரும் ஆசிரியரும் உயிரைப் பணயம் வைத்துக் காத்தது பொன்னையன்று. அளவுகள் குறித்த தாள்களையே.

1945ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் தலைநகர் மீளமைப்புப் பணிமனை நிறுவப்பட்டது. பழங்கட்டடங்களை மீட்கும் பணிக்கு யான் சாக்வத்தோவிச் என்னும் கட்டடக்கலைஞர் வழிகாட்டினார். பல்கலைக்கழக வரைபடங்களோடு, 18ஆம் நூற்றாண்டில் மன்னன் ஸ்தனிஸ்லாவ் ஔகுஸ்த்தின் அரசவை ஓவியராக விளங்கிய பெர்னார்டோ பெலொட்டோ தீட்டிய நகரக் காட்சிகளும் துணையாகக் கொள்ளப்பட்டன. 1953ஆம் ஆண்டு சந்தைச் சதுக்கம் மீண்டும் திறந்துவைக்கப்பட்டது. அரச மாளிகையை மீளக் கட்டும் தீர்மானம் 1971இலேயே எடுக்கப்பட்டது. 1984இல் அது பார்வையாளருக்குத் திறக்கப்பட்டது. 1980ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் பழைய நகரை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. கற்களின் வயதன்றி, மீளமைப்பின் சிறப்பே அங்கு மதிக்கப்பட்டது.

எனினும், மீளமைப்பு என்பது 1939ஆம் ஆண்டின் நகரை அவ்வாறே திரும்பப் பெறுவதாக அமையவில்லை. பல முகப்புகள் போருக்கு முந்திய தோற்றத்தையன்றி, பெலொட்டோவின் காலத்துத் தோற்றத்தையே தழுவின. முகப்புகளின் பின்னே புதிய குடியிருப்புகள் அமைந்தன. நெருக்கமாயிருந்த பின்கட்டுகள் பல மீண்டும் எழுப்பப்படவில்லை. கோட்டை வாயிலரணின் செங்கற்கள் பல, நிசா, வ்ரோத்ஸ்வாவ் ஆகிய நகரங்களில் இடிக்கப்பட்ட பழங்கட்டடங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவை. ஒரு நகரின் பழைமை வேறு நகரங்களின் பழைமையைக் கொண்டும் நிரப்பப்பட்டது.

இதனினும் முக்கியமான செய்தியொன்றுண்டு. மூன்றாம் நாள், பழைய நகரிலிருந்து சிறிது தொலைவிலுள்ள முரானூவ் பகுதிக்கு நடந்து சென்றோம். 1940ஆம் ஆண்டு முதல் யூத மக்கள் மதிலிட்டு அடைக்கப்பட்ட பகுதியின் ஒரு கூறு இதுவாகும். அவர்களுள் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் 1942ஆம் ஆண்டுக் கோடையில் திரெப்லிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். 1943ஆம் ஆண்டு ஏப்ரலில் எஞ்சியோர் கிளர்ந்தெழுந்தபின் அப்பகுதி தரைமட்டமாக்கப்பட்டது. போருக்குப் பின் அதன் பழைய தெருக்களும் வீடுகளும் மீளமைக்கப்படவில்லை. இடிபாடுகளின் மேலேயே புதிய தொடர்மாடிகள் கட்டப்பட்டன. சில வீடுகளுக்குப் படியேறிச் செல்லவேண்டியுள்ளது. அம்மேடுகளின் அடியில் இருப்பது பழைய வார்சோ என உணர்ந்தபோது, முன்னர் நாடக மேடையெனக் கூறிய நண்பர் யாதும் பேசவில்லை.

இவற்றை ஒருங்கே நோக்குமிடத்து, நண்பரின் கூற்றுக்கு இருவகையாக விடை கூறலாம். தன்னைப் பழையதெனக் கூறி ஏமாற்றும் கட்டடமே போலியாகும். வார்சோவோ தன் அழிவை மறைக்கவில்லை. 1644ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மூன்றாம் சிகிஸ்மண்ட் மன்னனின் தூண் 1944இல் வீழ்த்தப்பட்டு, 1949இல் புதிய தண்டின்மேல் மீண்டும் நிறுத்தப்பட்டது. முறிந்த பழைய தண்டுகள் அரச மாளிகையின் அருகே இன்றும் கிடக்கின்றன. ஆகவே போலியென்ற குற்றச்சாட்டு பொருந்தாது. ஆனால் எதனை மீளக் கட்டுவது, எதனை மேடாக விடுவது என்பது கல்லும் சுண்ணமும் தீர்மானிப்பதன்று, மனிதர் தீர்மானிப்பது. மீளமைக்கப்பட்ட நகரைப் போற்றும் வரலாற்று மாணவன், மீளமைக்கப்படாத பகுதியையும் உடன்வைத்துக் கற்றல் வேண்டும்.

புறப்படுமுன் அம்முறிந்த தண்டுகளை மறுமுறை சென்று பார்த்தோம். மூன்று நாட்களிற் கண்டவற்றுள், ஐயத்துக்கிடமின்றிப் பழையவை எனக் கூறத்தக்கவை அவையே. அவை நிற்கவில்லை, கிடக்கின்றன. எனினும் நிற்பவற்றைப் புரிந்துகொள்ள எமக்கு உதவியவை அவையேயாம்.