வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை நீக்கம் (1973)

1972 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் ஆட்சியேற்ற கஃப் விட்லமின் தொழிற்கட்சி அரசு, குடியேறுவோரைத் தேர்ந்தெடுப்பதில் இனமும் நிறமும் பார்ப்பதை மறு ஆண்டே அடியோடு நிறுத்தியது. வெள்ளையரல்லாதோரைத் தடுத்த வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கைக்கு அடிப்படையான 1901ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி, வேண்டாதவர்களுக்கு ஏதாவதொரு ஐரோப்பிய மொழியில் 50 சொற்கள் சொல்வதெழுதுதல் வைத்துத் திருப்பி அனுப்பிவந்தனர். பல மொழி அறிந்த எழுத்தாளர் எகோன் கிஷ்ஷுக்கு 1934இல் ஸ்காட்லாந்து கேலிக் மொழியில் தேர்வு வைத்தது அப்பட்டமான அநீதி. உயர் நீதிமன்றமும் அதை ஏற்கவில்லை. இத்தேர்வு 1958இல் ஒழிந்தது. 1966இல் ஹெரால்டு ஹோல்ட் அரசு, ஐரோப்பியரல்லாதோர் நிரந்தர வசிப்புரிமைக்குக் காத்திருக்கும் காலத்தை 15 ஆண்டிலிருந்து 5 ஆண்டாகக் குறைத்தது. விட்லமின் குடியேற்ற அமைச்சர் ஆல் கிராஸ்பி காலத்தில், எந்நாட்டவரும் 3 ஆண்டு வசித்தபின் குடியுரிமை கோரலாம் என்றானது. ஆனால் மொத்தக் குடியேற்றத்தையே இவ்வரசு குறைத்ததால், சீர்திருத்தத்தின் பலன் ஆசியர்களுக்கு உடனே முழுமையாகக் கிட்டவில்லை. இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டம் 1975இல் நிறைவேறியது.