தக்ளி வந்த வழி

ஒரு சாண் நீளத்தில் ஒரு கம்பி. கீழ் முனைக்குச் சற்று மேலே பித்தளை வில்லை ஒன்று, மேல் முனையில் நூல் மாட்ட ஒரு கொக்கி. தக்ளி என்பது இவ்வளவுதான். மின்சாரம் வேண்டாம், பழுதுபார்க்க ஆள் வேண்டாம், சட்டைப் பைக்குள் அடங்கிவிடும்.

கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் காப்பிப்பொடியும் வாங்கப் போகும் தமிழர்களுக்கு, ஆவணி அவிட்டம் நெருங்கும்போது பூணூல் வாங்கும் வேலையும் சேர்ந்துகொள்ளும். அந்த நூலை ஒரு காலத்தில் வீட்டிலேயே தக்ளியில் நூற்றார்கள். அப்படிச் சடங்குக்காகத் திண்ணையில் சுழன்ற கருவி, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்த வகுப்பறைக்குள் வந்தது. முப்பது வருஷம் போல இருந்துவிட்டு வெளியேறியது. படைப்பாற்றல், கூடிச் செய்தல், எடுத்துச் சொல்லுதல், அலசிப் பார்த்தல் என்று நான்கு திறன்களை இன்று பள்ளிக்குப் பள்ளி பேசுகிறோம். அவற்றை ஒரு கம்பியை வைத்துச் சொல்லித்தர முயன்ற கதை இது.

அந்த நூற்பில் ஒளிந்திருந்த பிரச்சினையைச் சுட்டிக்காட்டியவரும் கல்கத்தாக்காரர்தான். காந்தி நாட்டையே நூற்கச் சொல்லிக்கொண்டிருந்த நேரம். 1925இல் கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ‘மாடர்ன் ரிவ்யூ’ பத்திரிகையில் ரவீந்திரநாத் தாகூர் ராட்டை வழிபாட்டைக் கண்டித்து எழுதினார். ஒரே அசைவை ஓயாமல் செய்கிறவன் மனம் மழுங்கிப்போகும் என்பது அவர் வாதம். தாகூர் கைவேலைக்கு விரோதி அல்ல. 1924இல் அவர் தொடங்கிய சிக்ஷாசத்ரா பள்ளியில் கிராமத்துப் பிள்ளைகள் கைத்தொழிலோடுதான் படித்தார்கள். கை மட்டும் ஓடி மூளை நின்றுவிடக் கூடாது என்றுதான் அவர் சொன்னார்.

காந்தி, தாகூர் என்ற இந்த இரண்டு கரைகளுக்கும் பாலம் போட்டவர் ஒரு தமிழர். யாழ்ப்பாணத்துக்காரரான இ. டபிள்யூ. ஆரியநாயகம் சாந்திநிகேதனில் தாகூரின் செயலாளராக இருந்தவர். 1930இல் தாகூர் ரஷ்யா போனபோது உடன் சென்றவர். சாந்திநிகேதனில் ஆசிரியையாக இருந்த வங்காளப் பெண் ஆஷா தேவியை மணந்தார். பிறகு தம்பதியர் காந்தியிடம் வார்தாவுக்குப் போனார்கள். 1937 அக்டோபரில் வார்தாவில் கல்வி மாநாடு கூடியது. ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழுவுக்கு ஆரியநாயகம் அமைப்பாளர். தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பாவும் அதில் உறுப்பினர். ஏழு வருஷக் கட்டாய இலவசக் கல்வி, தாய்மொழி வழி, நடுவில் ஒரு கைத்தொழில். இதற்குத்தான் தமிழில் ஆதாரக் கல்வி என்று பெயர் வந்தது.

மாநாட்டில் காந்தி உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது தக்ளியைத்தான். பஞ்சு எங்கே விளைகிறது என்று கேட்டால் அது பூகோளம். இந்திய நெசவு எப்படி நொடித்தது, லங்காஷயர் ஆலைகள் எப்படிக் கொழுத்தன என்று கேட்டால் அது சரித்திரம். நூலை அளந்தால் கணக்கு.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். இடது கையில் பஞ்சுப் பட்டை. வலது கை விரல்கள் கம்பியைச் சுண்டிவிடும். தக்ளி சுழல, பட்டையை மெல்ல மேலே இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் நூல் அறும், தயங்கினால் முறுக்கேறித் தடிக்கும். சேர்ந்த நூலை நாலடிச் சுற்றாகச் சுற்றினால் 640 சுற்று ஒரு சிட்டம். அதாவது 2,560 அடி, ஏறக்குறைய 853 கஜம். இந்தப் பெருக்கலையும் வகுத்தலையும் கரும்பலகையில் எழுதிப் போடவே வேண்டாம். தன் நூல் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளப் பிள்ளையே போட்டுப் பார்ப்பான். ஒருவன் சுற்ற, இன்னொருவன் எண்ண வேண்டும். என் நூல் ஏன் அறுகிறது, உன்னுடையது ஏன் அறவில்லை என்று பேசியாக வேண்டும். நான்கு திறன்களும் இங்கே இருக்கின்றன, ஆசிரியர் அந்தப் பேச்சுக்கு இடம் கொடுத்தால்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குத் தக்ளி பெருமளவில் வந்தது சுதந்திரத்தை ஒட்டி. 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் ஆதாரக் கல்விக்கு ஊக்கம் கொடுத்தார். 1947இல் காந்தியத் தம்பதியர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமம் என்ற கிராமக் கல்வி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ராமச்சந்திரனும் சாந்திநிகேதனில் படித்தவர்தான்.

ஊர்ப் பள்ளிகளுக்குள் போனதும் தக்ளி இளைத்துவிட்டது. பஞ்சு, லங்காஷயர், கேள்வி எல்லாம் உதிர்ந்து, ‘கைத்தொழில் பீரியட்’ மட்டும் மிஞ்சியது. ஆய்வாளர் வந்தால் காட்டுவதற்குச் சிட்டம் இருக்க வேண்டும். சிட்டம் இருந்தால் மதிப்பெண் உண்டு. நூலை எண்ண முடிந்தது, யோசனையை எண்ண முடியவில்லை. தாகூர் பயந்தது கிட்டத்தட்ட அப்படியே நடந்தது.

அடுத்த அடி இதைவிடப் பலமானது. 1953இல் முதலமைச்சர் ராஜாஜி கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரத்தை ஒரு வேளையாகக் குறைத்தார். மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைக் கற்கலாம் என்றார். வண்ணார் பிள்ளை வெளுக்கவும் குயவர் பிள்ளை பானை வனையவும் போக வேண்டுமா என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் கேட்டார்கள். குலக்கல்வித் திட்டம் என்ற பெயர் நிலைத்தது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார். பின் வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார்.

வார்தா திட்டம் வேறு, ராஜாஜி திட்டம் வேறு. முன்னதில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே அறையில் ஒரே தொழிலைச் செய்தார்கள். பின்னது பிள்ளையை அவரவர் சாதியின் தொழிலுக்கே திருப்பி அனுப்பியது. ஆனால் படிப்பு ஒன்றுதான் மேலே ஏற ஏணி என்று நம்பிய வீடுகள் அந்த வித்தியாசத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பள்ளியில் கைவேலை என்றாலே சந்தேகப்பட்டார்கள். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. 1964–66 கோத்தாரி குழு கைத்தொழிலின் இடத்தில் ‘வேலை அனுபவம்’ என்பதை வைத்தது. தக்ளி பரணுக்குப் போனது.

கையால் செய்து கற்கும் யோசனை மட்டும் போகவில்லை. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான கற்றல் அட்டை முறையைப் பார்த்து, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் செயல்வழிக் கற்றலைத் தொடங்கின. சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுக்கப் போனது. பிள்ளைகள் பெஞ்சை விட்டுத் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள், எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது, தங்கள் அட்டையைத் தாங்களே எடுத்துக் குழுவோடு படித்தார்கள். ஆனால் எந்தப் பிள்ளை எத்தனை அட்டை முடித்தது என்று எண்ணத் தொடங்கினால் அட்டைக்கும் தக்ளியின் கதிதான்.

இப்போது பள்ளிகளுக்கு ரோபோ பெட்டிகளும் கணினிப் பலகைகளும் வருகின்றன. எது வந்தாலும் இரண்டு கேள்வி கேட்டால் போதும். யார் வீட்டுப் பிள்ளையும் இதைக் கையில் எடுக்கலாமா? வேலையை நடுவில் நிறுத்தி ‘ஏன்?’ என்று கேட்ட பிள்ளைக்கு மதிப்பெண் உண்டா? தமிழ்நாட்டில் தக்ளி தோற்றது இந்த இரண்டு இடங்களில்தான். கம்பியில் ஒரு குறையும் இல்லை.