யூடிகொலோன்: மருந்தாக இருந்த நறுமணநீர்

காய்ச்சல் கண்டவரின் நெற்றியில் யூடிகொலோன் நனைத்த துணியை இடும் வழக்கம் நம் வீடுகளில் இருந்தது. 'கொலோன் நகரத்து நீர்' என்பதே இப்பிரெஞ்சுப் பெயரின் பொருள். ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையில் உள்ளது கொலோன் நகரம்.

இத்தாலியரான ஃபரீனா குடும்பத்தார் 1709-இல் அங்கு வணிகம் தொடங்கினர். அக்குடும்பத்தின் யோகான் மரியா ஃபரீனா உருவாக்கிய நறுமணநீரே இது. பெர்கமோட், எலுமிச்சை, ஆரஞ்சு ஆகியவற்றின் தோல் எண்ணெய்கள் எரிசாராயத்தில் கலக்கப்பட்டன. செய்முறை இரகசியமாகக் காக்கப்பட்டது. ஆயினும் போலிகள் பெருகின.

அக்காலத்தில் மக்கள் இதை மருந்தாகக் குடிக்கவும் செய்தனர். பிரெஞ்சு ஆட்சியின்கீழ் கொலோன் இருந்தபோது, இரகசிய மருந்துகளின் செய்முறையை அரசிடம் தெரிவிக்க வேண்டுமென 1810-இல் நெப்போலியன் ஆணையிட்டார். செய்முறையை வெளியிட விரும்பாத தயாரிப்பாளர்கள், இது பூசிக்கொள்ளும் நறுமணநீர் மட்டுமே என்றனர். இவ்வாறு மருந்து வாசனைப் பொருளாயிற்று.

இன்று வீட்டிலேயே நறுமணநீர் செய்வோர் பின்பற்றுவதும் எண்ணெயைச் சாராயத்தில் கரைக்கும் இதே முறையைத்தான். கொலோன் வகையில் எண்ணெயின் அளவு பொதுவாக 2 முதல் 5 விழுக்காடு. இயற்கைப் பொருள் என்பதால் மட்டும் தீங்கற்றது என்று கருதலாகாது. பெர்கமோட் எண்ணெய் பட்ட தோலில் வெயில் விழுந்தால் கருந்திட்டுகள் உண்டாகும். யூடிகொலோன் பூசியவர்களிடம் இது 1916-இலேயே கண்டறியப்பட்டது. தொழிற்சாலைச் சாராயத்தில் நச்சான மெத்தனால் கலந்திருக்கக்கூடும். அதனைப் பயன்படுத்தக் கூடாது.