என்பிடெல்

இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் ஏழும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் மத்திய அரசின் நிதியில் 2003இல் தொடங்கிய இணையவழிப் பாடத் திட்டம். பேராசிரியர்களின் வகுப்புகளைப் படம்பிடித்து யாரும் பார்க்கும்படி யூடியூபில் இட்டதே இதன் முதல் பெருஞ்செயல். 2014இல் சான்றிதழ்ப் படிப்புகள் வந்தன. 2017இல் தொடங்கப்பட்ட ‘ஸ்வயம்’ தளத்திலும் இவை கிடைக்கின்றன.

படிப்புகள் 4, 8, 12 வாரங்கள் நடக்கும். வாரந்தோறும் காணொளிகள், ஒரு பயிற்சித்தாள், ஐயம் கேட்க ஒரு மன்றம். சேர்வதற்குக் கட்டணமில்லை, தேர்வுக்கு மட்டும் பணம் கட்ட வேண்டும். மதிப்பெண்ணில் பயிற்சிக்கு 25 விழுக்காடு, தேர்வுக்கு 75. தேர்வை வீட்டிலிருந்து எழுத முடியாது, மையத்துக்கு நேரில் போக வேண்டும். சான்றிதழுக்கு மதிப்பு இருப்பது இதனால்தான்.

மதுரை–தூத்துக்குடி சாலையில் உள்ள பந்தல்குடி போன்ற கரிசல்காட்டு ஊரிலிருந்து அருப்புக்கோட்டைக் கல்லூரிக்குப் பேருந்தில் போய்வரும் மாணவருக்கு, தம் கல்லூரியில் இல்லாத பாடம் கைபேசியிலேயே கிடைக்கிறது. புரியாத இடத்தை நிறுத்தித் திரும்பக் கேட்கலாம். சிக்னல் உள்ள இடத்தில் தரவிறக்கி, இல்லாத இடத்தில் பார்க்கலாம். பல பாடங்களின் எழுத்துவடிவம் தமிழிலும் உண்டு. ஆயினும் ஆய்வகப் பயிற்சிக்கு இது ஈடாகாது. உடனிருந்து ஊக்க ஆசிரியர் இல்லாவிட்டால் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிப்படி, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியே படித்து மதிப்பீட்டுப் புள்ளி பெறலாம். 2016 விதியில் இது 20 விழுக்காடாக இருந்தது.