திரைக்குப் பின்னால் பாடிய பெண்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

'சிங்கிங் இன் தி ரெயின்' என்ற பழைய ஹாலிவுட் படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கும் கொட்டும் மழையில் குடையோடு ஜீன் கெல்லி ஆடும் ஆட்டம் தெரிந்திருக்கும். அந்தப் படத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒரு வரலாற்றை இன்று சொல்கிறேன்.

படம் வெளிவந்தது 1952இல். எம்.ஜி.எம். நிறுவனத்தின் தயாரிப்பு. ஜீன் கெல்லியும் ஸ்டான்லி டோனனும் சேர்ந்து இயக்கினார்கள். தயாரிப்பாளர் ஆர்தர் ஃப்ரீட் முன்பு பாடலாசிரியராக இருந்தவர். இசையமைப்பாளர் நாசியோ ஹெர்ப் பிரவுனோடு சேர்ந்து தான் எழுதிய பழைய பாட்டுகளை வைத்து ஒரு கதை வேண்டும் என்று பெட்டி காம்டன், அடால்ஃப் கிரீன் என்ற இரு எழுத்தாளர்களிடம் கேட்டார். பாட்டு முதலில், கதை பிறகு! அந்தப் பாட்டுகளில் பல, பேசும் படம் பிறந்த காலத்தவை. ஆகவே கதையையும் அந்தக் காலத்திலேயே வைத்தார்கள்.

அது என்ன காலம்? 1927 அக்டோபரில் 'தி ஜாஸ் சிங்கர்' நியூயார்க்கில் வெளியானது. படத்தின் பெரும்பகுதி ஊமைப்படம்தான். நடுநடுவே பாட்டும் கொஞ்சம் பேச்சும் வந்தன. மக்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளில் ஹாலிவுட் முழுவதும் ஒலிக்கு மாறிவிட்டது. அதுவரை முகத்தை வைத்து வாழ்ந்த நட்சத்திரங்களுக்குத் திடீரென்று குரலும் தேவைப்பட்டது.

படத்தின் கதை இதுதான். லீனா லமான்ட் பெரிய நட்சத்திரம். அழகி. ஆனால் வாயைத் திறந்தால் கீச்சுக்குரல். அவள் பேசும் படத்தை முன்னோட்டத்தில் பார்த்தவர்கள் சிரித்துத் தள்ளுகிறார்கள். அவளோடு நடிக்கும் கதாநாயகன் டான், நடனக்குழுவில் ஆடும் கேத்தி என்ற ஏழைப் பெண்ணை விரும்புகிறான். படத்தைக் காப்பாற்ற, லீனாவுக்குப் பதிலாகக் கேத்தி பேசிப் பாடுகிறாள். படம் வெற்றி பெறுகிறது. இனி எப்போதும் எனக்குக் குரல் கொடுப்பதுதான் உன் வேலை என்று லீனா அவளைக் கட்டிப்போடப் பார்க்கிறாள். கடைசியில் மேடையில் லீனா வாயசைக்க, பின்னால் கேத்தி பாடும்போது, டானும் நண்பர்களும் கயிற்றை இழுத்துத் திரையை உயர்த்திவிடுகிறார்கள். யார் பாடினார்கள் என்று ஊருக்கே தெரிந்துவிடுகிறது. காதலும் கைகூடுகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கேத்தியாக நடித்த டெப்பி ரெனால்ட்ஸுக்கு அப்போது 19 வயது. லீனாவுக்காக அவர் பாடுவதாக ஒரு பாட்டு வருகிறது அல்லவா? அதைப் பாடியது டெப்பி இல்லை. பெட்டி நோய்ஸ் என்ற பாடகி. லீனாவுக்காகக் கேத்தி வசனம் பேசும் காட்சியில் கேட்பதும் டெப்பியின் குரல் இல்லை. லீனாவாக நடித்த ஜீன் ஹேகனின் சொந்தக் குரல் அது! கீச்சுக்குரல் நடிப்புக்காகப் போட்டது. இயல்பில் அவருக்கு அருமையான குரல்.

யோசித்துப் பாருங்கள். குரல் கொடுத்தவளின் பெயரை மறைப்பது அநியாயம் என்று சொல்ல வந்த படம், தனக்குக் குரல் கொடுத்தவரின் பெயரைத் தன் பட்டியலில் போடவில்லை. பெட்டி நோய்ஸுக்கு இது புதிதும் இல்லை. 1941இல் வந்த டிஸ்னியின் 'டம்போ' படத்தில் தாய் யானை குட்டியைக் கொஞ்சும் தாலாட்டும் அவர் பாடியதுதான். அந்தப் பாட்டு ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. அங்கேயும் அவர் பெயர் இல்லை.

பாட்டு என்றாலே பாடியவர் பெயரைச் சேர்த்துச் சொல்லும் நமக்கு இது வியப்பாக இருக்கும். ஹாலிவுட்டில் கதாநாயகியே பாடுகிறாள் என்று ரசிகர் நம்ப வேண்டும். அதனால் பாடியவரை மறைப்பது வழக்கமாக இருந்தது. மார்னி நிக்சன் என்பவர் 'தி கிங் அண்ட் ஐ' படத்தில் டெபரா கெருக்கும், 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் நடாலி வுட்டுக்கும், 'மை ஃபேர் லேடி'யில் ஆட்ரி ஹெப்பர்னுக்கும் பாடினார். மூன்றிலும் திரையில் பெயர் இல்லை. 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' இசைத்தட்டு வருமானத்தில் இசையமைப்பாளர் லியனார்ட் பெர்ன்ஸ்டைன் தன் பங்கிலிருந்து சிறு பகுதியை அவருக்குக் கொடுத்தார். திரையைத் தூக்க ஒருவராவது கை கொடுத்தாரே என்று எனக்கு ஆறுதல். 1965இல் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தில் ஒரு கன்னியாஸ்திரீயாக மார்னியின் முகமும் திரையில் வந்தது.

1989இல் அமெரிக்கா தன் தேசியத் திரைப்படப் பதிவேட்டைத் தொடங்கியபோது, முதல் 25 படங்களில் 'சிங்கிங் இன் தி ரெயின்' இடம்பெற்றது. தகுதியான படம்தான், மறுக்கவில்லை. ஆனால் வரலாறு படிக்கும்போது மேடையில் நிற்பவரோடு நிறுத்திவிடாதீர்கள், திரைக்குப் பின்னால் யார் என்றும் கேளுங்கள் என்று வகுப்பில் சொல்வேனே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

நம் பள்ளி ஆண்டு விழா நாடகங்களிலும் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று பாடிய பிள்ளைகள் இருந்தீர்கள். உங்கள் பெயரையும், எந்த ஆண்டு என்பதையும் கீழே எழுதுங்கள். மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.