ஸ்டாக்ஹோம் போறேன்னு சொன்னவன்

சிக்னலைத் தாண்டினால் டிராஃபிக் கான்ஸ்டபிள் குறுக்கே வந்து வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொள்வார். வானத்தில் யார் பிடுங்குவது? கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவர் கையில் இருப்பது ஒரு மைக், எதிரே ஒரு ரேடார் திரை. அவ்வளவுதான். பறக்கிற ஆசாமி ரேடியோவையே அணைத்துவிட்டால்?

1987 மே 28. ஃபின்லாந்தின் ஹெல்சின்கி நகரம். மால்மி விமான நிலையத்திலிருந்து மத்தியானம் ஒரு குட்டி செஸ்னா 172 கிளம்பியது. ஓட்டியது மத்தியாஸ் ருஸ்ட் என்கிற மேற்கு ஜெர்மனிப் பையன். வயது 18. பறந்த அனுபவம் ஐம்பது மணி நேரம் சொச்சம். எங்கேப்பா போறே என்றதற்கு ஸ்டாக்ஹோம் என்றான். அதாவது மேற்கே.

கொஞ்ச நேரத்தில் திரையில் இருந்த புள்ளி கிழக்கே திரும்பியது. ஹெல்சின்கி - மாஸ்கோ விமானங்கள் போய்வருகிற பக்கம். திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். ம்ஹூம். கடைசியில் புள்ளியே காணாமல் போனது.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? 'ராஸ்கல், ரூலை மீறிட்டான்' என்று கத்தியிருப்பீர்கள். அவர்கள் வழக்கம் வேறு. தொடர்பு அறுந்தால் சந்தேகம், எச்சரிக்கை, ஆபத்து என்று மூன்று படிகள் வைத்திருக்கிறார்கள். திட்டுவது அப்புறம், முதலில் ஆள் பிழைக்க வேண்டும். பையன் கடலில் விழுந்துவிட்டான் என்றே முடிவு கட்டினார்கள். மீட்புப் படகு விரைந்தது. தண்ணீரில் எண்ணெய்ப் படலம் வேறு தெரிந்ததா, கேட்க வேண்டுமா? முங்கித் தேடினார்கள்.

பையனோ எஸ்டோனியக் கரையைத் தாண்டிக்கொண்டிருந்தான்.

சோவியத் ரேடார்கள் ஒன்றும் தூங்கவில்லை. ஒரு போர் விமானம் அருகிலேயே போய்ப் பார்த்து, வெள்ளையாக ஏதோ சின்ன விமானம் என்று தகவலும் சொன்னது. சுட அனுமதி வரவில்லை. 1983 செப்டம்பரில் வழி தவறி வந்த கொரியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு 269 பேரைக் கொன்றவர்கள் அவர்கள். இன்னொரு முறை யார் பழி சுமப்பது?

பிஸ்கோவ் அருகே நடந்ததுதான் கூத்து. அங்கே பயிற்சி விமானங்கள் பறந்துகொண்டிருந்தன. 'நான் நம்மாளு' என்று அடையாளம் சொல்லும் கருவியைப் போட சில கத்துக்குட்டிகள் மறந்துவிடுவார்கள். எதற்கு வம்பு என்று திரையில் இருந்த அத்தனை புள்ளிகளையும் 'நம்மாளு' ஆக்கிவிட்டார்கள். ருஸ்டும் நம்மாளு ஆனான். பி.காம். படித்தவர்களுக்கு இது பழக்கமான வித்தைதான். டேலி ஆகாத தொகையை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் தள்ளிவிட்டு வீட்டுக்குக் கிளம்புவோமே! டோர்ஷோக் பக்கம், முந்தின நாள் விபத்துக்காகப் பறந்த மீட்பு ஹெலிகாப்டர்களில் இதுவும் ஒன்று என்று விட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் ஏழு மணி வாக்கில் மாஸ்கோ. செஞ்சதுக்கத்தில் ஜனக்கூட்டம். அதனால் பக்கத்துப் பாலத்தில் இறங்கினான். கூடிய ஜனங்களுக்கு ஆட்டோகிராஃப் போட்டான்.

பாதுகாப்பு அமைச்சர் சோகோலோவுக்கும் வான் பாதுகாப்புத் தளபதி கோல்டுனோவுக்கும் வேலை போனது. ருஸ்டுக்கு நாலு வருஷத் தண்டனை. எல்லை மீறல், விமான விதி மீறல், கூடவே ரவுடித்தனம் என்று ஒரு குற்றச்சாட்டு! 1988 ஆகஸ்டில் விட்டுவிட்டார்கள். அந்த செஸ்னா பிற்பாடு பெர்லின் தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.