பழஞ்சித்திரக்கதை இதழ்களின் அருமைப்பாடு

'அரிய நூல்', 'கிடைத்தற்கரிய பதிப்பு' என்னும் தொடர்கள் நம் நூற்பட்டியல்களிலும் பதிப்பு முன்னுரைகளிலும் மலிந்து கிடக்கின்றன. தமிழில் 'அருமை' என்னும் சொல் கிடைத்தற்கு எளிதன்மை, சிறப்புடைமை என்னும் இரு பொருளும் தருவது. ஆதலின் எண்ணிக்கையைச் சுட்ட வேண்டிய இடத்தில் பாராட்டு நுழைந்துவிடுகிறது. நுழைந்ததை எழுதுவோரும் உணர்வதில்லை, படிப்போரும் உணர்வதில்லை. ஓர் அச்சுப்படியை அரிது என்று கூறுவதற்கு யாது சான்று வேண்டும் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பொருள்.

இதனை ஆராய்வதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வெளிவந்த பழைய சித்திரக்கதை இதழ்களை, அஃதாவது காமிக்ஸ் என வழங்குவனவற்றை, ஈண்டு எடுத்துக்கொள்கிறேன். அவை மலிவுத் தாளில் இலட்சக்கணக்கில் அச்சாகி, படித்த கையோடு எறியப்பட்டு, ஒரு தலைமுறை கழிந்தபின் பெருவிலை பெற்றவை. எஞ்சிய படிகளை எண்ணிக் கணக்கிடும் முயற்சியும் அங்கு அரை நூற்றாண்டுக்கு மேலாக நடைபெற்று வருகிறது. சித்திரக்கதை தமிழாய்வாளர் நோக்குதற்குரிய பொருளோ எனச் சிலர் ஐயுறலாம். பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களைப் பற்றியும் ஒரு காலத்தில் இவ்வாறே ஐயுற்றனர்; அவற்றின் முற்பட்ட அச்சுகளைத் தேடி இன்று நாம் அலைவதற்கு அவ்வையமும் ஒரு காரணம்.

1938-ஆம் ஆண்டு சூன் மாத நாளிட்டு ஏப்பிரலிலேயே கடைக்கு வந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் பலரும் அறிந்தது. செரி சீகல் எழுதி, சோ சுச்டர் வரைந்த சூப்பர்மேன் கதை அதிலேதான் முதன்முதல் வந்தது. விலை 10 சென்ட். அச்சான படிகள் 2 இலட்சம் அளவின என்பர். இன்று எஞ்சியவை ஏறத்தாழ 100 எனக் கணக்கிடுவர். இதன் ஒரு படி 2014-இல் 32 இலட்சம் டாலருக்கும், வேறொரு படி 2024-இல் 60 இலட்சம் டாலருக்கும் விற்பனையாயின. இவ்விலைகளைக் கேட்போர் உலகில் இதனினும் அரிய சித்திரக்கதை இதழ் இராது என்றே முடிவு செய்வர்.

அம்முடிவு பிழையானது. 1939-இல் திரையரங்குகளில் இலவசமாக வழங்குவதற்கென உருவாக்கப்பட்ட 'மோசன் பிக்சர் ஃபன்னீஸ் வீக்லி' என்னும் இதழ் ஒன்று உண்டு. பில் எவரெட்டு படைத்த கடல்வேந்தன் நேமோரின் கதை முதலில் இதற்கென்றே அமைந்தது. பின்னர்ச் சில பக்கங்கள் கூட்டப்பெற்று அவ்வாண்டிலேயே 'மார்வெல் காமிக்ஸ்' முதல் இதழில் வெளிவந்தது. முன்னைய இலவச இதழ் ஒன்று இருந்தது என்பதே நெடுங்காலம் சேகரிப்பாளர்க்குத் தெரியாது. 1974-இல் ஒரு பதிப்பாளரின் உடைமைகளுக்கிடையே சில படிகள் வெளிப்பட்டன. இன்று அறியப்பட்டவை பத்துக்கும் குறைவே. எண்ணிக்கையால் ஆக்‌ஷன் காமிக்ஸைவிடப் பன்மடங்கு அரியதாயினும், விலையால் அதனை அணுகியதும் இல்லை. விலை என்பது இருக்கும் படிகளுக்கும் வேண்டுவோர் தொகைக்கும் இடையே நிகழும் இழுபறியின் விளைவு. அதனைக் கொண்டு வேட்கையின் அளவை அறியலாம்; இருப்பின் அளவை அறிதல் இயலாது.

அங்ஙனமாயின் அச்சான தொகையைக் கொண்டு அறியலாமோ எனின், அங்கும் இடர்ப்பாடு உண்டு. 1960-ஆம் ஆண்டு முதல் அமெரிக்க அஞ்சல் விதிப்படி பருவ இதழ்கள் தம் சராசரி விற்பனைத் தொகையை ஆண்டுக்கொருமுறை இதழிலேயே அச்சிட்டுத் தெரிவிக்க வேண்டியிருந்தது. சூப்பர்மேன் இதழ் அவ்வாண்டிற்குத் தெரிவித்த தொகை 8,10,000. ஆய்வாளர்க்கு இது பெருஞ்செல்வம். ஆனால் சேகரிப்பாளர் பெரிதும் விரும்பும் 1930, 1940-களின் இதழ்கட்கு இத்தகைய வாக்குமூலம் இல்லை. பதிப்பகத்தார் நினைவும் பிற்காலத்தார் ஊகமுமே உள்ளன. மேலும் அச்சானவை யாவும் விற்றவை அல்ல. விற்காத இதழின் மேலட்டையையோ அதன் தலைப்புப் பகுதியையோ கிழித்துத் திருப்பியனுப்பினால் கடைக்காரர்க்குப் பணம் கிடைக்கும். எஞ்சிய உடலை அவர் அழித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அட்டையிழந்த படிகள் இன்றும் ஆங்காங்குக் கிடைத்தலை நோக்கின், கடைக்காரர் அனைவரும் அவ்வேற்பாட்டை ஒழுங்காகப் போற்றினர் எனக் கூறுவதற்கில்லை.

அச்சிட்ட தொகையினும் முதன்மையானது அழிந்த வரலாறு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா 1941 திசம்பரில் இறங்கியபின், பழந்தாள் திரட்டும் இயக்கம் ஊர்தோறும் நடந்தது. சிறுவர்களே தம் இதழ்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தனர். 1938 முதல் 1941 வரை வந்தவை அக்காலத்தே 'பழையன' ஆகிவிட்டமையின் அவையே முதலில் சென்றிருக்கும். 1948-இல் மேற்கு வர்சீனியாவின் இச்பென்சர், நியூயார்க்கு மாநிலத்தின் பிங்காம்டன் முதலிய ஊர்களில் இவ்விதழ்களைப் பொது இடத்தில் குவித்து எரித்தனர். 1954-இல் உளநோய் மருத்துவர் பிரெடரிக்கு வெர்தாம் எழுதிய கண்டன நூலும், அவ்வாண்டு நடந்த செனட்டு உசாவலும் பெற்றோரை மேலும் அச்சுறுத்தின. அருமையின் காரணத்தைக் கூறுவோர் எரியூட்டலையே விரித்துரைப்பர். கேட்பதற்கும் அது சுவையாக உள்ளது. எனினும் ஒவ்வோர் இதழும் பல இலட்சம் விற்ற நாளில் சில ஊர்ப் பள்ளிமுற்றங்களில் எரிந்தவை எத்துணை இருத்தல் கூடும்? நெருப்பினும் மிகுதியாக அழித்தது அன்றாடத் துப்புரவு என்றே நான் கருதுகிறேன். மகன் வளர்ந்து வெளியூர் சென்றபின் அவன் அறையை ஒழுங்குசெய்த தாயார்களின் கைவண்ணத்திற்கு ஆவணம் ஏதும் இல்லை. அதனால் அது வரலாற்றில் இடம்பெறவில்லை, அவ்வளவே.

அழிவு யாண்டும் ஒருபடித்தாக நிகழ்வதன்று. ஒரு வீடு தப்பினால் ஒரு கணக்கே மாறிவிடும். கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் எட்கர் சர்ச்சு என்னும் விளம்பர ஓவியர் பல்லாண்டுகள் வாங்கி அடுக்கிவைத்த இதழ்கள் 1977-இல் வெளிப்பட்டன. அவற்றின் தொகை 16,000 முதல் 22,000 வரை எனப் பலவாறு கூறுப. வறண்ட குளிர்நிலத்தில், ஒளிபடாத அறையில், ஒன்றன்மேல் ஒன்றாக அழுந்தி இருந்தமையால் தாள் வெண்மை குன்றாது நின்றது. பல இதழ்கட்கு இன்று அறியப்படும் மிகச் சிறந்த படி அவ்வொரு வீட்டிலிருந்து வந்ததே. நல்ல நிலையில் படியே இல்லை என்று 1976-இல் ஒருவர் எழுதியிருப்பின் அக்கூற்று அன்றைய அறிவுக்கு முற்றும் பொருந்துவது. மறு ஆண்டிலேயே வழுவுவது. ஈ.சி. நிறுவனத்து உரிமையாளர் வில்லியம் கெய்ன்சு தாம் வெளியிட்ட இதழ்களில் ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு வரையான படிகளைக் கட்டிவைத்திருந்தார். அவை பின்னாளில் சந்தைக்கு வந்தபோதும் இவ்வாறே கணக்குகள் மாறின. ஆகவே அருமையுரை எதுவும் நாளிடப்படாவிடில் பயனற்றது. 'காணப்படவில்லை' என்பது காண்போர் நிலையைச் சொல்வது. 'இல்லை' என்பதற்கு அது ஈடாகாது.

இனி எண்ணுவோரைப் பார்ப்போம். இராபர்ட்டு ஓவர்ச்டிரீட்டு 1970-இல் தொடங்கிய விலைக்கையேடு இத்துறையில் செய்த பெருந்தொண்டு விலை கூறியதன்று. சொல்லுக்கு எண் வகுத்ததே. உலகில் 1 முதல் 10 படி வரை உள்ளதாகக் கருதப்படுவது 'மிக அரியது'. 10 முதல் 20 வரை 'அரியது'. 20 முதல் 100 வரை 'அருகியது' என அது பிரித்தது. இவ்வளவுகோலை வைத்தால் வியப்பான ஒரு முடிவு கிடைக்கிறது. 60 இலட்சம் டாலர் பெற்ற ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ் 'அரியது' என்னும் வகுப்பிலேயே சேராது. 'அருகியது' என்பதன் எல்லையில்தான் நிற்கும். பின்னர் எர்ன்சுட்டு கெர்பர், மேரி கெர்பர் இருவரும் 1989, 1990-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஒளிப்படத் தொகுதிகளில் ஒவ்வோர் இதழுக்கும் 1 முதல் 10 வரை ஓர் அருமையெண் இட்டனர். அது தேர்ந்த கண்ணின் மதிப்பீடு, கணக்கெடுப்பு அன்று.

கணக்கெடுப்பு என்னும் பெயருடன் வந்தது 2000-ஆம் ஆண்டு தொடங்கிய சி.ஜி.சி. நிறுவனத்தின் பட்டியல். உடையவர் கட்டணம் செலுத்தி இதழை அனுப்புவார்; நிறுவனம் நிலையை ஆராய்ந்து 0.5 முதல் 10 வரை தரமெண் கொடுத்துக் கண்ணாடி போன்ற உறையில் மூடித் திருப்பும். எந்த இதழில் எத்தனை படி, எத்தரத்தில் வந்தன என்பதைப் பட்டியலாக வெளியிடும். பார்வைக்கு இதனினும் உறுதியான சான்று வேண்டுவதில்லை. ஆயினும் அது எண்ணுவது உலகிலுள்ள படிகளை அன்று, அனுப்பப்பட்ட படிகளையே. கட்டணத்தினும் விலை குறைந்த இதழை எவரும் அனுப்பார். 1940-களின் விலங்குக் கதை இதழ், காதற்கதை இதழ் பலவற்றுக்குப் பட்டியலில் ஒன்றிரண்டே காணப்பட்டால், அவை ஒன்றிரண்டே எஞ்சின எனக் கொள்ளலாகாது. கேட்பாரற்றுக் கிடக்கின்றன எனவும் கொள்ளலாம். உயர்தரம் வேண்டி உறையைப் பிரித்து மீண்டும் அனுப்பப்படும் படி, பழைய சீட்டைத் திருப்பித் தராவிடில் இருமுறை எண்ணப்படும். அமெரிக்கக் காங்கிரசு நூலகத்திலும் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திலும் பேணப்படும் பெருந்தொகுதிகளோ இப்பட்டியலுக்குள் வருவதேயில்லை.

எனினும் பட்டியலை முறையறிந்து படிப்பார்க்கு அது பயன்படும். தனி எண்ணைப் பாராது, அதே தொடரில் விலையொத்த முன்பின் இதழ்களோடு வைத்துப் பார்த்தல் வேண்டும். 12-ஆம் இதழும் 14-ஆம் இதழும் அறுபது அறுபதாக வந்திருக்க, 13-ஆம் இதழ் பத்தே வந்திருந்தால், அங்கே ஏதோ ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது. ஆண்டுதோறும் எண் வளரும் வேகத்தையும் நோக்குதல் வேண்டும். பெருவிலையிருந்தும் எண் வளராது நின்றால் இருப்பு ஏறக்குறைய வெளிப்பட்டுவிட்டது எனலாம். வளர்ந்துகொண்டேயிருந்தால் இன்னும் பெட்டிகளில் உறங்குகின்றன எனலாம். மற்றொன்று, தரத்தின் அருமையை இதழின் அருமையாகக் காட்டும் வணிக உத்தி. 1991-இல் வந்த 'எக்சு-மென்' முதல் இதழ் 80 இலட்சத்துக்கு மேல் அச்சானது. அதிலும் மாசற்ற படி ஒருசிலவே என்று கூறி விற்பனை செய்யலாம். அங்கு அரிதாவது முனை மழுங்காமை, நூல் அன்று.

பாடவேறுபாடு ஆராய்வார்க்கு மிகவும் உவப்பான செய்தி ஒன்றையும் இங்கே கூறவேண்டும். 1977-இல் மார்வெல் நிறுவனம் 30 சென்ட் விலையுள்ள தன் இதழ்களைச் சில நகரங்களில் மட்டும் 35 சென்ட் என அச்சிட்டு விற்றுப் பார்த்தது. 'ஸ்டார் வார்ஸ்' முதல் இதழும் அவற்றுள் ஒன்று. கதை ஒன்று, படம் ஒன்று, நாள் ஒன்று. அட்டையில் ஓரெண் மட்டும் வேறு. இருபதாண்டு அளவும் இவ்வேறுபாட்டை எவரும் பொருட்படுத்தவில்லை. இருவகையும் ஒரே பெட்டியில் ஒரே விலைக்குக் கிடந்தன. 1990-களின் இறுதியில் வேறுபாடு உணரப்பட்டபின் 35 சென்ட் படி மிக அரியதாயிற்று. படிகளின் தொகையில் யாதொரு மாற்றமும் நிகழவில்லை; காண்பாரின் பிரித்தறிவே மாறியது. மார்வெல் காமிக்ஸ் முதல் இதழிலும் அக்டோபர் நாளை மறைத்து நவம்பர் என முத்திரையிட்ட படிகள் உண்டு. அவை இரண்டையும் ஒன்றாக எண்ணுவதா, வேறாக எண்ணுவதா என்பதை முடிவுசெய்த பின்னரே 'எத்தனை படி' என்னும் வினா பொருள்படும்.

இவ்வினா தமிழ்ச் சித்திரக்கதைக்கும் உரியது. பிரித்தானிய இதழான 'வேலியண்ட்'டில் 1962-இல் தோன்றிய கதைத்தலைவன் ஒருவன், சிவகாசி முத்து காமிக்ஸின் முதல் வெளியீடாக 1972-இல் 'இரும்புக்கை மாயாவி' என்னும் பெயரில் தமிழுக்கு வந்தான். அவ்வெளியீடு பின்னர் மறுபதிப்புகளும் கண்டது. இன்று ஒரு படியை முதல் வெளியீடு என்று காட்டி விலை கூறுவோர், அது எவ்வச்சு என்பதை நிறுவிய பின்னன்றோ அருமை பேசுதல் தகும்? பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்நூல்கட்கு இவ்வகையில் நமக்கு ஒரு நற்பேறு உண்டு. 1867-ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னை அரசு வெளியிட்ட மும்மாதப் பட்டியல்களில் நூற்பெயரோடு அச்சான படிகளின் தொகையும் குறிக்கப்பட்டது. 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் உள்ள ஒரு படியாலேயே அறியப்படுவது. அங்கே 'மிக அரியது' என்பதற்கு எண்ணே சான்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பெருந்தொகுதியான மலிவுப் பதிப்புகட்குத்தான் சான்று திரட்டும் பணி எஞ்சியுள்ளது. விலையேறியவற்றைச் சேகரிப்பாளர் காத்துக்கொள்வர். விலையேறாத துப்பறியும் கதை இதழும் சிறுவர் இதழும் எவர் பட்டியலிலும் ஏறாமலே பழந்தாள் கடைக்குச் செல்கின்றன.

ஆதலின் 1970-களின் தமிழ் வெளியீடுகளை எண்ணப் புகும் மாணவர், ஒவ்வொரு படியிலும் அட்டையில் அச்சிட்ட விலை, பதிப்பக முகவரி, அச்சக முகவரி, உள்ளட்டையில் விளம்பரம் செய்யப்பட்ட பிற வெளியீடுகளின் பெயர் ஆகியவற்றைத் தனித்தனியே குறித்துக்கொள்ளல் வேண்டும். முதல் வெளியீடெனக் காட்டப்படும் ஒரு படியின் விளம்பரத்திலே பல திங்கள் கழித்து வந்த கதைகளின் பெயர்கள் காணப்படுமாயின், அது முதல் அச்சு அன்று என்பது தெளிவு. எந்நூலகத்தில், எவ்வெண்ணின்கீழ், எந்நாளில் கண்டது என்பதையும் உடன் எழுதுக. படிகளை அனுப்பவேண்டும் என்னும் விதி 1954-ஆம் ஆண்டிலிருந்தே உண்டு என்று கூறி நூலகப் பதிவேட்டை மட்டும் நம்புதல் ஆகாது. அடுக்கில் படி உள்ளதா என நேரிற் காண்டல் வேண்டும்.